தொழுத்து, புகைப்புரை, வெளிக் கக்கூஸ்: குலசேகரம் பக்கத்து விளை ஒன்றில் நடந்த இடிப்பு வேலை – ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து திருவட்டாறு போகிற வழியில் என் பெரியம்மாவுக்கு 32 செண்ட் விளை இருக்கிறது. முன்பக்கம் வீடு, பின்பக்கம் தென்னையும் கொஞ்சம் ரப்பரும். இரண்டுக்கும் நடுவில் மூன்று பழைய கட்டடங்கள்: மாடு கட்டிய தொழுத்து, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட புகைப்புரை, வீட்டுக்குள் கழிப்பறை வருவதற்கு முன்னால் பயன்படுத்திய வெளிக் கக்கூஸ். மாட்டை விற்றுப் பல வருடம் ஆகிறது. ரப்பரைப் பாலாகவே கொடுக்க ஆரம்பித்த பிறகு புகைப்புரையிலும் தீ மூட்டவில்லை. 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலில் ரப்பர் மரம் ஒன்று புகைப்புரையின் மேல் சாய்ந்து பாதிக்கூரை போனது. அந்தப் பாதிக்கு மட்டும் அவசரத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார்கள். அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் பெரியம்மா மகனுக்கு அந்த இடத்தில் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆசை. அதற்கு முதலில் இடம் வெறுமையாக வேண்டும்.

நான் தக்கலையில் சிறிய கட்டட வேலைகள் பார்க்கும் சிவில் இன்ஜினியர். சொந்தக்காரர் வேலை என்றாலும் இது என்னிடம் முதலில் வரவில்லை. தம்பி மஸ்கட்டிலிருந்து போனிலேயே ஒரு ஜேசிபிக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். மொத்தமாக 35,000 ரூபாய், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்பது பேச்சு. தை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வண்டி வந்தது. பத்தரை மணிக்குப் பெரியம்மா எனக்குப் போன் போட்டார். "மக்களே, ஒண்ணு வந்துட்டுப் போ. கூரை அப்படியே கீழ வந்துபோச்சு. அடுத்த வீட்டுக்காரி அழுதுட்டு நிக்கா."

நான் போனபோது வேலை நின்றிருந்தது. தொழுத்தின் முன்சுவரை வண்டி ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது. அந்தப் பக்கக் கூரை ஒட்டுமொத்தமாகக் கீழே வந்துவிட்டது. ஏறக்குறைய 300 ஓடு தூள். வீட்டிலிருந்து புகைப்புரை பல்புக்குப் போன வயர் அறுந்து மண்ணில் கிடந்தது. நல்லவேளை, பெரியம்மா ஓடிப்போய் மெயினை அணைத்திருந்தார். எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது பின்சுவர். தொழுத்தின் பின்சுவர்தான் எல்லைச்சுவரும். பக்கத்து வீட்டு அடுக்களைச் சாய்ப்பின் கழுக்கோல்கள், அதாவது கூரையின் சாய்வுச் சட்டங்கள், மறுபக்கத்திலிருந்து அதே சுவரில்தான் ஊன்றியிருந்தன. கூரை விழுந்த வேகத்தில் அந்தச் சுவர் உலுங்கி, அவர்கள் அடுக்களைக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. நல்லவேளையாக உள்ளே அப்போது யாரும் நிற்கவில்லை.

வண்டி ஓட்டியவர்மேல் முழுப்பழியையும் போட எனக்கு மனமில்லை. இடித்துத் தள்ளச் சொன்னார்கள், தள்ளினார். அந்தக் கூரை எப்படி நிற்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அது எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் பழைய ஓட்டுக்கூரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய இதே மாதிரிதான். முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் கழுக்கோல்கள் இறங்கும். ஒவ்வொரு கழுக்கோலின் இடையிலும் ஒரு துளை இருக்கும். எல்லாத் துளைகள் வழியாகவும் ஒரு நீளச் சட்டத்தைக் கோத்திருப்பார்கள். அதற்கு வளை என்று பெயர். மாலையில் பூவைக் கோத்த மாதிரி. மேலே பட்டியல் என்கிற மெல்லிய குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் ஓடு. ஆணியை நம்பாமல் துளையையும் ஆப்பையும் நம்பிய ஆசாரி வேலை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தரையின் மினுமினுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தலையை நிமிர்த்தி அந்த மரக்கோப்பையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் கைவேலையின் எளிய வடிவம்தான் நம் தொழுத்துகளிலும் இருக்கிறது. இந்தக் கோப்பு நிற்கிறவரை மிக உறுதி. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அந்த இழுப்பு வளை வழியாகக் கடைசிக் கழுக்கோல்வரை போகும். சதுர மீட்டருக்குச் சுமார் 15 மங்களூர் ஓடு என்று கணக்கு வைத்தால், 24 அடிக்கு 12 அடித் தொழுத்தின் கூரையில், சரிவும் இறவாரமும் சேர்த்து, 600 ஓட்டுக்கு மேல் வரும். ஓடு மட்டுமே இரண்டு டன்னுக்குக் கிட்டத்தட்ட. இவ்வளவும் ஒரே சமயத்தில் ஒரு பக்கமாகச் சரிந்தால், மண் சாந்தில் கட்டிய சுவர் அந்த உதைப்பைத் தாங்காது.

அன்று மாலையே பக்கத்து வீட்டுச் சாய்ப்புக்கு உள்பக்கமிருந்து நான்கு முட்டுக்கால் கொடுத்தோம். அவர்கள் ஒரு வாரம் முன்னறையில் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். வெடிப்பு, சுவர், தரை என்று எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து இரண்டு வீட்டாருக்கும் கொடுத்தேன். இதை முதல் நாளே, வேலை தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டும். எந்த வெடிப்பு பழையது, எந்த வெடிப்பு புதியது என்ற வாக்குவாதத்தில் உறவே முறிந்துபோன வீடுகளை எனக்குத் தெரியும்.

பிரிக்கிற ஆள்

அருமனைப் பக்கத்தில் பழைய வீடு பிரிக்கிற ஒரு மேஸ்திரியைப் பற்றி எங்கள் ஆசாரி சொல்லியிருந்தார். அறுபது வயது இருக்கும். ஐந்து பேர் கொண்ட கூட்டம். 'இடிக்கிறது' என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஓடு இறக்கணும், மரம் இறக்கணும், சுவர் இறக்கணும் என்றுதான் பேசினார். கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவருவதுதான் அவருடைய தொழில். கடைசியாக ஏற்றியது முதலில் இறங்கும்.

விலை பேசுவதற்கு முன்னால் அவர் அரைநாள் சும்மா சுற்றிப் பார்த்தார். அந்த அரைநாளுக்குத் தனியாகக் கூலி கேட்டார். தம்பி போனில், "பாக்குறதுக்கு எதுக்கு அண்ணா காசு?" என்று கேட்டான். கொடுக்கச் சொன்னேன். இந்த வேலை முழுவதிலும் மிக நன்றாகச் செலவான பணம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாரைக்கம்பியால் சுவரில் தட்டிப் பார்த்தார். கழுக்கோல் சுவரில் உட்காரும் இடத்தில் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். தொழுத்தில் பனங்கை, அதாவது பனைமரச் சட்டம்; சுவருக்குள் இருந்த முனைகளைச் சிதல் தின்றிருந்தது. புகைப்புரையில் அயனி மரம். வருடக்கணக்கில் புகையும் கரியும் ஏறிக் கறுத்திருந்தாலும் கத்தி அரை நூல்கூட இறங்கவில்லை. ஓடு அடுக்கிவைத்திருந்த மூலைக்குப் போனதும் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். நீளக் கொக்கியால் மேலிருந்து ஓட்டை நகர்த்தினார். உள்ளே பாம்பு இல்லை, கண்ணாடி விரியன் உரித்த சட்டை இருந்தது. அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரமாகும், வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டார். குவிந்து கிடக்கும் ஓடு, விறகு, தேங்காய் மட்டை இவற்றை வெயில் ஏறிய பிறகே, மேலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று தன் ஆட்களுக்குச் சொன்னார்.

அப்புறம் கக்கூசுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கே ஒரு பாளையங்கோடன் வாழை மூடு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த வாழைக்கு உரம் வைக்கியளா?"

"இல்லயே. தண்ணியே விடுறதில்ல."

"பின்னே இது மட்டும் எப்படி இந்தத் தடி தடிச்சிருக்கு?"

வாழை மூட்டிலிருந்து இரண்டடி தள்ளிப் பாரையை ஓங்கிக் குத்தினார். மற்ற இடத்தில் மண்ணில் இறங்கிய பாரை அங்கே ஒரு முழம் இறங்கி நின்றது. சத்தம் பானையைத் தட்டியது போல இருந்தது. பழைய கக்கூஸ் குழி. சிமெண்ட் உறை இறக்கி மேலே கான்கிரீட் பலகை போட்டு மூடியது, அதன்மேல் மண் படிந்து, குழி இருந்ததே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. பெரியம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது: மாமனார் காலத்தில் தோண்டியதாம். சனிக்கிழமை வந்த வண்டி அடுத்துத் திரும்ப இருந்த பாதை அந்த வாழையின் மேலாகத்தான். ஒரு ஜேசிபியின் எடை சுமார் ஏழரை டன். எத்தனையோ வருடம் மண்ணுக்குள் கிடந்து கம்பி துருப்பிடித்த பலகை அந்தச் சக்கரத்துக்கு அடியில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஆறு நாள்

விலை 72,000 ரூபாய் என்று முடிவானது. நல்ல ஓடு, அயனி மரம், கதவு, நிலை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டு 31,000 கழித்துக்கொள்வார். ஆக, கையிலிருந்து 41,000. முதலில் பேசிய 35,000-ஐ விட 6,000 அதிகம். ஆனால் அந்த 35,000-இல் மண் அள்ளுவது கிடையாது, குழி கிடையாது, பக்கத்து வீட்டுச் சுவர் கிடையாது. பழைய கட்டடம் இடிக்கக் கொடுப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மரமும் ஓடும் யாருக்கு என்று முதலிலேயே எழுதாவிட்டால் வேலையின் மூன்றாவது நாளில் சண்டை நிச்சயம். நாங்கள் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டோம். ஆட்களின் நலவாரிய அட்டைகளையும் வாங்கிப் பார்த்தேன். ஒருவருக்கு அட்டை புதுப்பிக்காமல் கிடந்தது. அதைப் புதுப்பித்த பிறகே அவரை ஏணியில் ஏறவிட்டோம்.

மாசி மாதம் தொடங்கியது வேலை. இதற்கும் காரணம் உண்டு. நம் ஊருக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், ஒன்று; ஐப்பசியில் ஒன்று. மண் சாந்துச் சுவர் மழையில் ஊறினால் தன் எடையைத் தானே தாங்காது. கூரை எடுத்துவிட்டுச் சுவரை நனையவிடுவது மிக ஆபத்து. மாசி, பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும் என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் நாள் மின்சாரம். மெயினை அணைப்பதோடு விடாமல், பின்பக்கம் போன வயரை மீட்டர் பெட்டிப் பக்கமே கழற்றிச் சுருட்டி எடுத்தோம். பின் அரைகுறையாக நின்ற தொழுத்து. மிச்சமிருந்த பாதிக்கூரையில் முகட்டு ஓட்டை முதலில் எடுத்தார்கள். அதன்பின் இரண்டு சரிவிலும் மாறி மாறி, சமமாக. ஒரு பக்கத்தை முழுதும் காலி செய்துவிட்டு மறுபக்கம் போனால் பாரம் ஒருபக்கமாகிக் கூரை சாயும். ஆட்கள் கழுக்கோல் வரிசையில் மட்டும் கால் வைத்தார்கள். மேலே ஒருவர், ஏணியில் ஒருவர், கீழே இருவர் என்று கைமாறி ஓடு இறங்கியது. அதே மாலைக்குள் பட்டியல், வளை, கழுக்கோல், உத்திரம். வளையை உருவுவதற்கு முன் ஒவ்வொரு கழுக்கோலையும் கயிற்றால் கட்டிக்கொண்டார்கள்.

கூரை இறங்கியதும் இரண்டு முனையிலும் நிற்கும் முக்கோணச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை இருக்கும்வரை அதைக் கூரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். கூரை போன பிறகு அது ஒன்பது அங்குல அகலத்தில் தனியே நிற்கும் ஒரு சீட்டு. அதை ஒரு இரவுகூட விட்டுவைக்கக் கூடாது. மேஸ்திரி வெளிச்சம் குறைகிற நேரத்திலும் அதை இறக்காமல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. இடிப்பு வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4130, 1991-இல் திருத்தி வெளியானது. சுவரை மேலிருந்து கீழாக வரிசையாக எடுக்க வேண்டும் என்றும், எந்திரத்தால் தள்ளும்போது சுவர் உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் வராமல் தடுப்புக் கட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. மேஸ்திரி அந்த விதியைப் படித்தவர் இல்லை. ஆனாலும் அவர் கயிறு கட்டிய தூரத்தை அளந்து பார்த்தேன். பத்தடிச் சுவருக்குப் பதினாறு அடி.

பின்சுவரை முழுதும் எடுக்கவில்லை. நில அளவைத் துறையின் எஃப்.எம்.பி. வரைபடத்தை வைத்து அளந்ததில் சுவர் பெரியம்மாவின் நிலத்தில்தான் இருந்தது. எடுத்துவிட உரிமை உண்டு. எடுத்தால் பக்கத்து வீட்டுச் சாய்ப்புக்கு ஊன்ற இடமில்லை. சாய்ப்பு மட்டம்வரை விட்டு, வெடிப்பில் சாந்து நிரப்பி, மேலே மழைநீர் இறங்காமல் கான்கிரீட் பட்டை ஒன்று போட்டோம். பெரியம்மாதான் அப்படிச் சொன்னார். "அவளும் நானும் நாப்பது வருஷம் ஒரே மதில்ல சாஞ்சு பேசினவங்க" என்றார். வேறு விவாதம் இல்லை.

மூன்றாம் நாள் புகைப்புரை. இங்கேதான் ஆஸ்பெஸ்டாஸ். எட்டு ஷீட். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உடையாமல் கிடக்கும் ஷீட்டால் பெரிய கேடில்லை. உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட வெளிப்படும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பல நாடுகளில் தடை. இந்தியாவில் ஷீட் இன்னும் கடையில் கிடைக்கிறது. மேஸ்திரிகூட இதில் முதலில் என்னோடு ஒத்துப்போகவில்லை. சுத்தியலால் இரண்டு தட்டு, கீழே தள்ளு, மூக்கில் துவர்த்தை (துண்டை) கட்டிக்கொள், அவ்வளவுதான் அவர் பழக்கம். துவர்த்து மண் தூசியை நிறுத்தும், இந்த நாரை நிறுத்தாது என்று சொன்னேன். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்தோம். கொக்கி போல்ட்டை அடிக்காமல் எண்ணெய் விட்டு நட்டைக் கழற்றினோம். துருப்பிடித்ததைக் கம்பியிலேயே அறுத்தோம், ஷீட்டில் ரம்பம் படவில்லை. இருவர் இருவராகப் பிடித்து இறக்கிக் கனத்த பாலிதீனில் சுற்றினோம். அன்று போட்டிருந்த சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே அலசச் சொன்னேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அந்தச் சட்டை போகக் கூடாது.

புகைப்புரைச் சுவர் 14 அடிக்கு 12 அடி, பத்தடி உயரம். கதவைக் கழிக்காமல் 390 கன அடி, அதாவது ஏறக்குறைய நான்கு யூனிட். சுவராக நிற்கும்போது நான்கு யூனிட். குவியலாகும்போது இடையில் காற்று புகுந்து ஆறு யூனிட் ஆகிவிடும். டிப்பர் லோடுக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஐந்தாம் நாள் குழி. அதற்குள் யாரும் இறங்கக் கூடாது என்பதில் மாற்றுப் பேச்சே இல்லை. எத்தனை பழைய குழியானாலும் அடியில் விஷவாயு நிற்கும்; ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் போய்ச் சேர்ந்த செய்தியைத் தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்துவிட்டோம். ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. வாழை மூட்டை முதலில் தோண்டி எடுத்தோம். ஜேசிபியைத் தூரத்தில் நிறுத்தி, கையை மட்டும் நீட்டிப் பலகையைப் புரட்டினோம். சுற்றிலும் கயிறு கட்டி ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்தோம். கழிவுநீர் லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சியது. சுண்ணாம்பு கொட்டி, செங்கல் துண்டும் மணலும் அடுக்கடுக்காக நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கினோம். புது வீட்டு அஸ்திவாரம் அந்த இடத்தில் வராது என்று வரைபடத்தில் குறித்தும் வைத்திருக்கிறேன்.

மண் எங்கே போனது

டிப்பர்காரர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்க தட்டணும்?" பதிலும் அவரே வைத்திருந்தார்: சானல் கரை. பேச்சிப்பாறையிலிருந்தும் பெருஞ்சாணியிலிருந்தும் வருகிற தண்ணீர் ஓடும் சானல்களின் கரையும், குளத்து ஓரமும் நம் மாவட்டத்தில் இடிபாடு கொட்டும் இடமாகிக்கொண்டு வருகிறது. வயல் காய்வதற்கு மழையைக் குறை சொல்கிறோம்; மடையை அடைத்தது யார் வீட்டுச் செங்கல் என்று கேட்பதில்லை. கட்டுமான, இடிபாட்டுக் கழிவு பற்றி 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், கழிவை உண்டாக்குகிறவரே அதற்குப் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லியிருந்தன.

உண்மையில் எங்களுக்கு வெளியே அனுப்ப அதிகம் இருக்கவில்லை. மண் சாந்தில் கட்டிய செங்கல் ஒட்டுவதில்லை. தட்டினால் முழுசாக வரும். பாதிக்குமேல் நல்ல கல் தேறியது, பெரியம்மாவின் மருமகள் அதை எண்ணி அடுக்கிவைத்தாள். சாந்து மண்ணில் சிமெண்ட் இல்லை என்பதால் தென்னை மூட்டுக்கு வெட்டிப் போட்டோம். சிமெண்ட் ஒட்டிய துண்டு குழிக்கும், வாசல் பாதையின் அடிப்பரப்புக்கும் போனது. உடைந்த ஓடும் பாதைக்கே. அஸ்திவாரக் கருங்கல் புது வீட்டுக்கு. மொத்தம் இரண்டு லோடு மட்டும் வெளியே போனது, பக்கத்தில் ஒருவர் தன் பள்ளத்தை நிரப்பக் கேட்டிருந்த இடத்துக்கு, அவர் எழுதிக் கொடுத்த பிறகு. விளையின் மேற்கு எல்லையில் இருந்த ஒரு பனையையும் அதே வீச்சில் எடுத்துவிடலாம் என்று தம்பி கேட்டான். பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அதற்கு மேல், அது யாருக்கும் இடைஞ்சலாக நிற்கவில்லை. நிற்கிறது.

கடைசி நாள் மேஸ்திரி 470 ஓட்டையும் அயனிக் கழுக்கோல்களையும் வண்டியில் ஏற்றினார். கழுக்கோல் ஒன்றைத் துணியால் துடைத்துக் காட்டினார். கரிக்கு அடியில் மரம் பொன் நிறத்தில் இருந்தது. வளை போன துளையின் விளிம்பில் உளி பட்ட அடையாளம் அப்படியே. தம்பிக்குப் படம் அனுப்பினேன். அதில் இரண்டை வைத்துக்கொள்ளலாமா என்று உடனே கேட்டான். மேஸ்திரி இரண்டை இறக்கி வைத்துவிட்டு, அதன் விலையை 31,000-இல் குறைத்துக்கொண்டார்.

எட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இன்னும் விளையில்தான் இருக்கின்றன. கோழிக்கூட்டுக்கு வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. முறையாக ஒப்படைக்க வழி கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை கிணற்றுக்கு எதிர்மூலையில், பாலிதீனில் சுற்றி, கல்லின்மேல் மட்டமாக அடுக்கி, மேலே சிவப்பு பெயிண்டில் 'ஆஸ்பெஸ்டாஸ், உடைக்கக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறோம்.